மறைந்த இசையும் மீண்ட ஆடலும்

கல்லால் எழுப்பிய கோயில் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் கோயிலாகவே கிடக்கும். சுவரில் தீட்டிய சித்திரம் மங்கினாலும் கண்ணுக்குப் புலப்படும். இசையும் ஆடலும் அத்தகையன அல்ல. வாசிப்பவன் விரல் ஓய்ந்ததும் இசை ஓய்கின்றது. ஆடுபவன் கால் நின்றதும் ஆடல் மறைகின்றது. அவற்றை ஏட்டில் எழுதி வைத்தாலும், அந்த ஏட்டை வாசிக்கும் முறை தெரிந்தவர் இல்லாதபோது அது வெறும் தாளே. ஐரோப்பாவில் மத்திய காலத்தின் இறுதியிலும், அதனைத் தொடர்ந்த மறுமலர்ச்சிக் காலத்திலும் மக்கள் பயின்ற இசையின் பெரும்பகுதி இவ்வாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஏட்டில் அடங்கிக் கிடந்தது. அது மீண்டும் மனிதர் கைக்கும் காலுக்கும் வந்து சேர்ந்த வரலாற்றில், பெரிய அரங்குகளைக் காட்டிலும் வீட்டுக் கூடங்களுக்கும், பெயர்பெற்ற வித்துவான்களைக் காட்டிலும் மாலை வேளையில் ஒன்றுகூடிய சாதாரண மக்களுக்கும் பெரிய இடமுண்டு.

அந்த இசை பிறந்த சூழலே அத்தகையது. 1597ஆம் ஆண்டில் தோமஸ் மோர்லி என்னும் ஆங்கில இசைப்புலவர், இசை கற்பிக்கும் நூலொன்றை ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் முறையில் எழுதி வெளியிட்டார். அதில் மாணாக்கன் தான் இசை கற்க வந்த காரணத்தைக் கூறுகின்றான். ஒரு வீட்டில் இரவு விருந்து முடிந்ததும் இசைப் புத்தகங்கள் மேசைக்கு வந்தன. வீட்டுத் தலைவி ஒரு பகுதியை அவன் கையிற் கொடுத்துப் பாடுமாறு கேட்டாள். பாடத் தெரியாது என்று அவன் சொன்னபோது, இவன் எங்கே வளர்ந்தவன் என்று அங்கிருந்தோர் வியந்தனராம். கதையிற் சிறிது மிகைப்பாடு இருக்கலாம். ஆயினும், நன்கு வளர்ந்தவர் என மதிக்கப்பட விரும்பியோர் இசைக் கூட்டத்தில் ஒரு குரலைத் தாங்க வல்லவராயிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் நிலவிற்று என்பது தெளிவு.

அக்காலத்துப் புத்தகங்களின் அமைப்பும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஒரு பாடலின் ஒவ்வொரு குரலும் தனித்தனிப் புத்தகமாக அச்சிடப்பட்டது. ஒருவரிடம் ஒரு புத்தகமே இருக்கும். நால்வர் கூடினாலன்றிப் பாட்டு முழுமை பெறாது. அதே 1597இல் ஜோன் டௌலண்ட் வெளியிட்ட பாடல் நூலிலோ, விரித்து வைத்த பக்கத்தில் ஒரு குரல் நேராகவும், மற்றவை பக்கவாட்டாகவும் தலைகீழாகவும் அச்சாகியுள்ளன. ஒரு மேசையின் நடுவே அந்நூலை வைத்து, சுற்றியிருப்போர் அவரவர் இடத்திலிருந்தே தத்தம் பகுதியைப் பார்த்துப் பாடுவதற்காக ஆக்கப்பட்டது அது. வயோல் என்னும் வில் வாத்தியமும் அவ்வாறே. சிறியது, நடுத்தரமானது, பெரியது என ஆறு வயோல்கள் ஒரே பேழையிற் சேர்த்து வைக்கப்படும். வீட்டார் பேழையைத் திறந்து ஆளுக்கொன்றை எடுத்து வாசிப்பர். நகரங்களில் வெயிற்ஸ் எனப்பட்ட ஊர்ச் சேவக இசைக்குழுவினர் ஊதுகுழல்களோடு திருநாள்களிலும் ஊர்வலங்களிலும் வாசித்தனர்.

ஆடலுக்கும் நூல்கள் எழுந்தன. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் டொமெனிக்கோ டா பியசென்சா என்னும் ஆடலாசிரியரும், அவர் வழிவந்த குலியெல்மோ எப்ரேயோவும் அரச சபைகளின் ஆடல்களை ஏட்டில் வரைந்தனர். எனினும் பிற்காலத்தவர்க்கு மிகுதியும் கைகொடுத்த நூல், 1589இல் பிரான்சின் லாங்கிர் நகரத்தில் வெளிவந்த ஒக்கெசோகிராபி என்பதே. அதை எழுதியவர் ஜெஹான் தபூரோ என்னும் முதிய கிறித்தவக் குருவானவர். தமது பெயரின் எழுத்துக்களை மாற்றியமைத்துத் துவானோ ஆர்போ என்னும் புனைபெயரில் அதை வெளியிட்டார். இதுவும் உரையாடல் நூலே. காப்பிரியோல் என்னும் இளம் வழக்கறிஞன், சட்டம் கற்றும் மங்கையரோடு சபையில் ஆடத் தெரியாமையால் தன் பழைய ஆசிரியரை நாடி வருகின்றான். ஆர்போ இசைக் குறிகளை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் அவ்வேளையிற் கால் செய்யும் தொழிலைப் பெயரிட்டு எழுதினார். இசையையும் அடியையும் இவ்வாறு நேருக்கு நேர் நிறுத்திய நூல் அக்காலத்தில் அரிது.

அந்நூலில் அரசர் பெருமக்களுக்கான பவான் என்னும் நடை ஆடலும் உண்டு. பலர் கைகோத்துப் பக்கவாட்டாக அசைந்தாடும் பிரான்ல் என்னும் எளிய ஆடல் வகைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றில் ஆடுவோர் கைதட்டும் ஓசை, பாரிஸ் நகரில் ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் பெண்கள் துணியடிக்கும் ஓசையைப் போன்றிருக்கும். வேறொன்றில் குதிரை காலால் நிலத்தைத் தட்டுவதுபோலத் தட்டுவர். இங்கிலாந்தில் 1649இல் முதலாம் சார்ல்ஸ் மன்னன் கொல்லப்பட்டு, தூய்மைக் கொள்கையினரின் ஆட்சி நடந்த காலத்திலேயே, 1651ஆம் ஆண்டைத் தாங்கி, ஜோன் பிளேபோர்ட் என்னும் புத்தக வியாபாரியின் நாட்டு ஆடல் நூல் வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆடல்களுக்கு மெட்டும் சுருக்கமான விளக்கமும் அதில் இருந்தன. மக்கள் அதை விரும்பி வாங்கினர். பிற்பதிப்புகள் 18ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்து வெளிவந்தன.

இவ்வளவு பரந்து நின்ற இசை எவ்வாறு மறைந்தது? எவரும் அதைத் தடைசெய்து அழிக்கவில்லை. இசை வீட்டை விட்டுக் கட்டணம் பெறும் பெரிய மண்டபத்துக்குச் சென்றது. அங்கே மெல்லிய ஒலியுடைய லூட் என்னும் நரம்பு வாத்தியமும் வயோலும் பின்வரிசை வரை கேட்கவில்லை. வயோலின் இடத்தைப் பிடில் கைப்பற்றியது. றெக்கோடர் என்னும் மரக்குழலைப் பக்கவாட்டாகப் பிடித்து ஊதும் புல்லாங்குழல் விலக்கியது. ஈண்டு றெக்கோடர் என்பது வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவுக் கருவியன்று. வாயில் நேராக வைத்து ஊதும் எட்டுத் துளைக் குழலாகும். ஹாப்ஸிகோடின் இடத்தைப் பியானோ பெற்றது. 1835இல் இங்கிலாந்தில் நகரசபைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியபோது, நகரத்துச் சேவக இசைக்குழுக்களும் முடிவெய்தின. கற்பிப்போர் மறைந்தனர், கற்போர் இல்லாதொழிந்தனர். புத்தகங்கள் நூலகங்களிலும் வாத்தியங்கள் நூதனசாலைகளிலும் துயின்றன.

இந்நிலையில் 1858இல் பிரான்சின் லெ மான் நகரில் ஆர்னோல்ட் டொல்மெட்ச் பிறந்தார். அவர் குடும்பத்தார் பியானோ, ஓர்கன் ஆகிய வாத்தியங்களைச் செய்வோர். ஆகையால் உளியும் அரமும் இளமையிலேயே அவர் கைக்குப் பழகின. பிரசல்ஸ் நகரிலும், 1883 முதல் இலண்டனிலும் இசை பயின்றபின், டல்விச் கல்லூரியிற் பிடில் ஆசிரியரானார். 1889இல் பிரித்தானிய நூதனசாலையின் நூலகத்தில் வேறொரு வாத்தியத்துக்கான இசையைத் தேடியபோது, ஆங்கில இசைப்புலவர்கள் வயோல்களுக்கென எழுதிய இசை பெருமளவில் அங்கே கிடப்பதைக் கண்டார். அதைப் பிடிலில் வாசித்துப் பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. எந்த வாத்தியத்துக்காக எழுதப்பட்டதோ அந்த வாத்தியத்திலேயே அதைக் கேட்க வேண்டும் எனத் துணிந்தார். பழைய வயோல்களைத் தேடி வாங்கிச் செப்பனிட்டார். கிடைக்காத வாத்தியங்களைத் தாமே செய்யத் தொடங்கினார். 1893இல் ஒரு லூட்டும், அடுத்த ஆண்டில் ஒரு கிளவிகோடும் அவர் கையால் உருவாயின.

கைத்தொழிலின் மாண்பை உலகுக்கு எடுத்துரைத்த வில்லியம் மொரிஸ் அவருக்கு நண்பரானார். மொரிஸின் தூண்டுதலால் டொல்மெட்ச் செய்த முதல் ஹாப்ஸிகோட் 1896ஆம் ஆண்டின் கலை கைத்தொழிற் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மொரிஸ் நோயுற்று இறுதி நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். டொல்மெட்ச் வேர்ஜினல் என்னும் சிறு விசைவாத்தியத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுசென்று, வில்லியம் பேர்டின் பவானையும் கலியார்டையும் வாசித்தார். மொரிஸ் பெரிதும் நெகிழ்ந்துபோனார் என அவர் வரலாற்றை எழுதியவர் குறிப்பிடுகின்றார்.

இந்த இயக்கத்தோடு இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தமிழ்ப் பெருமகன் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மொரிஸின் கருத்துக்களில் ஆழ்ந்து தோய்ந்தவர். கண்டிய கைவினைஞரின் தொழில்களை விரிவாக விளக்கும் அவருடைய பெருநூல் 1908இல் இங்கிலாந்தில் அச்சாகியது. அதை அச்சிட்ட கைப்பொறி, முன்னர் மொரிஸின் அச்சுக்கூடத்தில் இயங்கிய பொறியே. ஒரே ஊற்றிலிருந்து பிறந்த இரு நீரோடைகள் போல, ஒருவர் மறைந்த வாத்தியத்தை மரத்திலிருந்து மீட்க முயன்றார். மற்றவர் மறைந்து கொண்டிருந்த கைவினையை ஏட்டிற் காக்க முயன்றார்.

வாத்தியம் கிடைத்தவுடன் இசை கிடைத்துவிடவில்லை. எவ்வளவு விரைவாக வாசிப்பது, எவ்விடத்தில் அழகு சேர்ப்பது, எழுதிய நீளத்தை அப்படியே கொள்வதா என்பனவெல்லாம் இசைக் குறியில் இல்லை. அக்காலத்தார்க்கு அவை தெரிந்தவை, ஆதலால் எழுதப்படவில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும், பின்னர் பாரிஸிலும் வாத்தியத் தொழிற்சாலைகளிற் பணியாற்றிய டொல்மெட்ச், பழைய ஆசிரியர்களின் நூல்களைத் துருவி ஆராய்ந்து, 17ஆம் 18ஆம் நூற்றாண்டு இசையை வாசிக்கும் முறைபற்றி 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். 1917இல் குடும்பத்தோடு இலண்டனை விட்டு, தெற்கே ஹேசில்மியர் என்னும் சிற்றூரிற் குடியேறினார்.

அவ்வூரில் நிகழ்ந்த பெரிய மாற்றத்துக்கு ஒரு சிறு தவறு காரணமாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வாழ்ந்த பிரெசான் என்னும் கலைஞர் செய்த றெக்கோடர் ஒன்றை, டொல்மெட்ச் 1905இல் ஏலத்தில் இரண்டு பவுணுக்கு வாங்கியிருந்தார். 1919இல் இலண்டனில் வாசித்துவிட்டுத் திரும்புகையில், வோட்டர்லூ புகையிரத நிலையத்தில் அக்குழலிருந்த பை தவறவிடப்பட்டது. அதை மறந்து வைத்தவன் அவருடைய சிறு மகன் கார்ல். வேறு வழியின்றி டொல்மெட்ச் புதிய றெக்கோடர் ஒன்றைச் செய்ய முற்பட்டார். பல முயற்சிகளின் பின் சுருதி சேர்ந்த குழல் உருவாயிற்று. தொலைந்த குழலும் பின்னர் பழம்பொருட் கடையொன்றிற் கண்டெடுக்கப்பட்டு வீடு திரும்பியது. ஆனால், குழல் செய்யும் திறன் அதற்கிடையில் ஒரு குடும்பத்தின் உடைமையாகிவிட்டது. நூதனசாலைப் பொருளாயிருந்த றெக்கோடர், வேண்டும்போது செய்துகொள்ளத்தக்க வாத்தியமாயிற்று.

1925இல் ஹேசில்மியரில் முதலாவது பழைய இசை விழா நடைபெற்றது. மனைவி மேபல், பிள்ளைகள், மாணவர், நண்பர் எல்லாரும் வாசித்தனர். மேடையிலேயே பழைய ஆடல்களும் ஆடப்பட்டன. தந்தையின் குழலைத் தவறவிட்ட கார்ல், வளர்ந்து புகழ்பெற்ற றெக்கோடர் வித்துவானானார். அவரும் எட்கர் ஹன்ட் என்னும் ஆசிரியரும் முன்னின்று 1937இல் றெக்கோடர் வாசிப்போர் சங்கத்தை நிறுவினர். ஹன்ட் அக்குழலைப் பாடசாலைகளுக்குக் கொண்டுசென்றார். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பிளாஸ்ரிக்கில் வார்த்த மலிவான றெக்கோடர்கள் வந்ததும், ஏழைப் பிள்ளையும் அதை வாங்க முடிந்தது. டொல்மெட்ச் 1940இல் மறைந்தார். அவர் மகள் நத்தலி முன்னின்று 1948இல் வயோல் வாசிப்போருக்கும் ஒரு சங்கத்தை அமைத்தார்.

ஆடலை மீட்ட கதை வேறொரு வாயிலால் தொடங்குகின்றது. 1899ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஒக்ஸ்போர்ட் அருகே ஹெடிங்டன் என்னும் ஊரில் மொரிஸ் ஆடல் எனப்படும் கிராமிய ஆடலைத் தொழிலாளர் சிலர் ஆடுவதைச் செசில் ஷார்ப் என்னும் இசையாசிரியர் கண்டார். கிராமங்களில் எஞ்சியிருந்த ஆடல்களைத் தேடிச் சேர்த்த அவர், பின்னர் பிளேபோர்டின் 1651ஆம் ஆண்டு நூலையும் விளக்க முற்பட்டார். அந்நூல் ஆடுவோர் எங்கே செல்வர் என்று கூறியதேயன்றி, கால் எவ்வாறு பெயரும் என்று கூறவில்லை. ஷார்ப் அந்த இடைவெளியைக் கிராமத்தாரிடம் கண்ட அடிகளால் நிரப்பினார். 1911இல் அவர் தொடங்கிய கிராமிய ஆடற் சங்கம் ஊர்தோறும் மக்களை ஆட வைத்தது. அவருடைய முதற் குழுவில் ஆடியவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் பட்டர்வேர்த் என்னும் இளம் இசைப்புலவர் 1916இல் சொம் போர்க்களத்தில் மாண்டார்.

17ஆம் நூற்றாண்டின் மெட்டுக்கு 20ஆம் நூற்றாண்டுக் கிராமத்தின் அடியைப் பொருத்துவது தகுமா என்று பிற்கால அறிஞர் வினவினர். நியாயமான வினாவே. அறுந்த கயிற்றை முடிந்தால் முடிச்சுத் தெரியத்தான் செய்யும். மேபல் டொல்மெட்ச் அம்மையார் பழைய ஆடல் நூல்களையே அடியொற்றி ஆராய்ந்து, இங்கிலாந்து, பிரான்சு ஆடல்களைப் பற்றி 1949இலும், ஸ்பெயின், இத்தாலி ஆடல்களைப் பற்றி 1954இலும் நூல்கள் வெளியிட்டார். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே பல ஊர்களில் மக்கள் ஆடத் தொடங்கினர். 1970இல் டொல்மெட்ச் பெயரால் வரலாற்று ஆடற் சங்கமும் தோன்றியது.

இசையும் ஆடலும் ஒரே கூடத்திற் சேர்ந்தபோது விளைந்த பயன் ஒன்று விசேடமாகச் சொல்லத்தக்கது. கலியார்ட் என்னும் ஆடலில் ஆறு அடிக்கணக்கு உண்டு. முதல் நான்கில் ஆடுபவன் கால்களை மாற்றி மாற்றி முன்னே எறிவான். ஐந்தில் மேலே துள்ளுவான். ஆறில் நிலத்தில் ஊன்றி நிற்பான். இசைப் புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவர் கலியார்டைத் தமக்கு விருப்பமான வேகத்தில் வாசிக்கலாம். கூடத்தில் ஒருவன் ஆடுகின்றான் என்றால் அவ்வாறு செய்தல் இயலாது. மிக மெல்ல வாசித்தால், துள்ளியவன் அடுத்த தாளம் வரும்வரை ஆகாயத்தில் நிற்க வேண்டும். உடலின் பாரம் அதற்கு இடங்கொடாது. மிக விரைந்து வாசித்தால் நான்கு எறிதல்களும் குழம்பிப் போகும். எவ்வளவு வேகம் என்று நூல் சொல்லாததை ஆடுபவன் கால் சொல்லிவிடுகின்றது. பவானும் அப்படியே. நடப்பவர் தடுமாறாமல் நடக்கும் வேகமே அதன் வேகம். நூலகத்தில் தனியே இருந்தவர்க்குத் தீராத ஐயம், றெக்கோடர் நான்கும் முழவு ஒன்றும் கொண்டு ஊர் மண்டபத்திற் கூடியவர்க்கு ஒரு மாலையில் தீர்ந்தது. இத்தகைய குழுக்களின் வாசிப்பிற் சுருதிப் பிழை இருந்திருக்கும், அடி தவறியிருக்கும். எனினும் அவ்விசையின் இயல்பான சூழலை அவர்கள் மீட்டனர்.

பேரரங்குகளும் பின்னர் கதவு திறந்தன. நியூயோர்க் நகரில் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் பாடற்குழுவை நடத்தி வந்த நோவா கிரீன்பேர்க், 1952இல் பழைய இசைக்கெனக் குழுவொன்று அமைத்தார். பிரான்சின் போவே நகரத்து 13ஆம் நூற்றாண்டுச் சுவடியிலிருந்த தானியேல் நாடகத்தை 1958இல் அக்குழு இசையோடு நடித்தபோது மக்கள் திரண்டு வந்தனர். இங்கிலாந்தில் டேவிட் மன்றோ என்னும் இளைஞர், நண்பர் ஒருவரின் சுவரில் தொங்கிய வளைந்த ஊதுகுழலொன்றைக் கண்டு இத்துறையில் இறங்கி, 1967இல் தம் குழுவை அமைத்தார். வானொலி நேயர்கள் அவரை மறவார். 1971 முதல் 1976 வரை பிரித்தானிய வானொலியில் சிறுவர்க்கென அவர் நடத்திய இசை நிகழ்ச்சிகள் 655. முப்பத்துமூன்றாம் வயதில், 1976இல் அவர் மறைந்தார். முன்னர் கலைந்துபோன யோர்க் நகரத்து வெயிற்ஸ் குழுவின் பெயரையும் வாத்தியங்களையும் 1977இல் ஒரு குழுவினர் மீண்டும் எடுத்து வாசித்தனர்.

இந்த வரலாற்றில் வெற்றி உண்டு, இழப்பும் உண்டு. டொல்மெட்ச் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு அறிந்தவற்றை, மோர்லியின் காலத்துச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் மடியிலிருந்து சில மாலைகளில் அறிந்திருப்பான். எத்தனை நூல்களை ஒப்புநோக்கினாலும், அந்தத் தந்தை வாசித்த இசை இதுதான் என்று எவரும் உறுதி கூற இயலாது. கண்டிய கைவினையை எழுதப் புகுந்த ஆனந்த குமாரசுவாமிக்கு அத்துன்பம் முழுவதும் நேரவில்லை. தந்தையிடம் மகன் கற்ற தொழில் அப்போதும் கிராமங்களில் உயிரோடிருந்தது. கைவினைஞரை அணுகிக் கேட்கவும், அவர் கை இயங்கும் விதத்தைப் பார்க்கவும் அவரால் முடிந்தது. டொல்மெட்சோ மௌனமான மரத்தையும் தாளையும் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு கலையைக் காப்பதற்குச் சுவடி வேண்டும், நூதனசாலையும் வேண்டும். ஆர்போவும் பிளேபோர்டும் எழுதியிராவிடின் மீட்பதற்கே ஒன்றும் இருந்திராது. ஆயினும் அவை விதை நெல்லைப் போன்றவை. எத்தனை காலம் பத்திரமாக இருந்தாலும் வயலில் விழுந்தபின்னரே அது பயிராகும். தோமஸ் மோர்லியின் விருந்து மேசையிலும், ஹேசில்மியரின் சிறு மேடையிலும், பெயர் அறியப்படாத எத்தனையோ ஊர் மண்டபங்களிலும் அந்த வயல் இருந்தது. அங்கே கூடியோரிற் பலர் வித்துவான்கள் அல்லர். பகல் வேலை முடிந்து வந்து, ஆளுக்கொரு பகுதியை ஏற்று, மற்றவர் குரலுக்குச் செவிகொடுத்து வாசித்தவர்கள். இருநூறு ஆண்டு உறங்கிய இசை அவர்கள் மூச்சிலேதான் விழித்தது.